உலர்நிறை

கொழும்பிலிருந்து வினாக்கொத்து வந்திருக்கிறது.
எட்டுப் பக்கம். வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பித் தரவேண்டுமாம்.
மொழிபெயர்த்தவர் யாரோ
"களைப்பு" என்று எழுதவேண்டிய இடத்தில்
"எரிந்து தீர்தல்" என்று எழுதியிருக்கிறார்.
பிழையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளிநொச்சி, காலை ஆறேமுக்கால்.
மூன்றாம் இலக்க இயந்திரம் கத்தத் தொடங்கிவிட்டது.
ஏழு பேருக்கான ரோஸ்டரில் மூன்று பெயர்.
நான்காம் வரிக்கு ஒருவரும் வரவேயில்லை, வெறுங்கோடு.
மிச்ச வரிகளில் வெள்ளை மை.
வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் தெரிகிறார்கள்:

தர்மினி. டப்ளினில்.
போன மாதம் பனிக்குள் நின்று படம் அனுப்பினாள்.
எந்த நாளத்தையும் ஒரே குத்தில் பிடிக்கிற விரல்கள்
தடித்த கையுறைக்குள் இருந்தன.

சந்தமாலி. குருநாகலுக்கு.
கட்டாய சேவை முடிந்த பின்னேரம்
கட்டில் கட்டிலாகப் போய்த் தமிழில் சொன்னாள்,
"போயிட்டு வாறன்."

பிறேமிளா. யாழ்ப்பாணம். பிள்ளையின் பள்ளிக்கூடம்.

கேள்வி ஐந்து:
உங்கள் தொழிலில் நீங்கள் திருப்தியடைகிறீர்களா?
ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடுக.

பூலோகசிங்கம் அண்ணை
மல்லாவியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து
செருப்பைக் கழற்றி, லான்ட்மாஸ்ரர் திறப்பை என் கையில் தந்து
தராசில் ஏறுகிறார்.
ஐம்பத்துமூன்று இருநூறு. உலர்நிறை ஐம்பது.
இரண்டு நாளில் மூன்று லீற்றருக்கு மேலே.
"வற்றாப்பளைப் பொங்கல், மிஸ்.
மோரை நீட்டினாங்கள். வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

ஏசுகிறேன்.
ஏசும்போது என் நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது.
ஐந்தரைக்குக் குடித்த தேத்தண்ணிக்குப் பிறகு ஒரு மிடறு இல்லை.
குடித்தால் போகவேண்டும்.
போனால் மூன்றாம் இலக்கத்தை யார் பார்ப்பது?
அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு நடுவில்
ஒருவரும் சொல்லாமலே குடியாதிருக்கிறேன்.
இருந்தெழும்பினால் கடுக்கிறது. டொக்டரிடம் சொல்லவில்லை.

கேள்வி ஒன்பது:
வீடு சென்ற பின்னும் பணி பற்றி நினைப்பதுண்டா?

ஃபிரிட்ஜ் உறுமினால் எழும்பி உட்காருகிறேன்.
என்னவென்று அவர் கேட்பதை விட்டுவிட்டார்.
மகன் காய்ச்சலென்று கையை நீட்டினான்,
அணைக்கவில்லை, நாடி எண்ணினேன்.

மாங்குளத்துக் கலிஸ்ராவுக்கு இருபத்தாறு வயது.
மாசியில் ஒரு செவ்வாய் அவள் வரவில்லை.
வியாழன் அவளுடைய கதிரையில் வேறொருவர்.
காத்திருப்புப் பட்டியலில் பதினொரு பேர், என்ன செய்ய?
நான் அழுதது
ஒரு விரிப்பு மாற்றுகிற நேரம்.
அதை எழுத எட்டுப் பக்கத்திலும் கட்டமில்லை.

கேள்வி பதினான்கு:
அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள்
இப்பணியிலிருந்து விலக எண்ணுகிறீர்களா? ஆம் / இல்லை.

பைக்குள் இடமாற்ற விண்ணப்பம் இருக்கிறது,
கையெழுத்தோடு, பங்குனித் திகதியோடு.
அதற்குக் கீழே ஆங்கிலப் பரீட்சைக்குக் கட்டிய ரசீது.
அதற்கும் கீழே
அடுத்த மாத ரோஸ்டர், என் கையால் போட்டது.

பதினொன்றரை. கடைசிச் சொட்டு இரத்தமும்
குழாய்க்குள்ளால் அண்ணையிடம் திரும்பிப் போகிறது.
தராசில் ஐம்பது இருநூறு.
இறங்கியவர் சொல்கிறார்,
"நீங்களும் ஒருக்கா ஏறிப் பாருங்கோவன்."

கத்தரிக்கோலை எடுத்து வைத்தேன். பிளாஸ்ரர். பேனை.
பிரிவுத் திறப்பு. ஃபோன். நாலாக மடித்த வினாக்கொத்து.
நாற்பத்தொன்று.
"உங்கட உலர்நிறை எவ்வளவு?"
எனக்கு அதை ஒருவரும் குறித்துத் தரவில்லை, அண்ணை.

போனவர் திரும்பி வந்தார்.
பஸ் காசில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல், குளிர்ந்தது.
"எனக்கு ஏலாது. நீங்கள் குடியுங்கோ.
ஒராள் குடிக்கிறதைப் பாக்கவேணும் போல கிடக்கு."

குடித்தேன்.
என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.
பாதிப் போத்தலில் மூன்றாம் இலக்கம் கத்தியது.
மூடியை எங்கே வைத்தேனென்று தெரியவில்லை.